எஞ்சினுக்குள் ஒரு பாதாளக் கரண்டி

இரண்டு சத்தம் கேட்டது. முதலில் ‘டங்’ என்று ஒன்று. அடுத்து, சற்று அடங்கிய குரலில் ‘டொக்’. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. போர்ட்டிகோவில் காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொண்டிருந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிய ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் தலைமேலேயே வைத்திருந்தேன். புதுப் பிளக்கை அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கத் திரும்பினேன்; முழங்கை பட்டது. ஸ்க்ரூடிரைவர் உருண்டது. அதன் முனையில் செருகியிருந்த ஸ்டார் பிட், சுண்டுவிரல் நகத்தைப்போல் இரண்டு மடங்கு நீளமான எஃகுத் துண்டு, கழன்று பிளக் இருந்த குழிக்குள் போய்விட்டது. ‘டங்’ என்றது குழியின் சுவர். ‘டொக்’ என்றது பிஸ்டன்.

தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டேன். முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை, அவர் குறுக்கிட்டார்.

“சார், செல்ஃப் அடிச்சீங்களா?”

“இல்லண்ணே.”

“அடிச்சுடாதீங்க. மத்ததெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்.”

இந்த அத்தியாயத்தின் சாரம் அவ்வளவுதான். அவர் ஏன் அப்படிச் சொன்னார், ‘மத்ததெல்லாம்’ என்பதற்குள் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பதுதான் மீதி.

கை ஏன் முந்தவில்லை?

முதலில் ஓர் ஆறுதல். அந்த பிட்டை நான் பிடித்திருக்க முடியாது. குழியின் வாயிலிருந்து பிஸ்டனின் தலைவரை சுமார் 20 செ.மீ. அவ்வளவு தூரம் விழ ஒரு பொருளுக்கு ஐந்தில் ஒரு நொடி, அதாவது 0.2 நொடி போதும். கண் பார்த்ததை மூளை புரிந்துகொண்டு கைக்கு ஆணையிட்டு, கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய அதே நேரம் ஆகிவிடும். கை கிளம்பும்போது பிட் தரை தட்டியிருக்கும்.

ஆகவே விழுந்தபின் எடுப்பது எப்படி என்றுதான் யோசிக்க வேண்டும். நம் ஊரில் இதற்குப் பழைய கருவி ஒன்று உண்டு. கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி போடுவார்கள். ஓர் இரும்பு வளையம், அதிலிருந்து கொத்தாகத் தொங்கும் கொக்கிகள், மேலே ஒரு கயிறு. கிணற்றுக்குள் இறக்கி, அடியைத் தொட்டதும் மெல்ல இழுத்து இழுத்துத் துழாவுவார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கயிற்றின் கனம் மாறுவதை விரல்தான் உணர வேண்டும். சில சமயம் போன வாரம் விழுந்த வாளிக்குப் பதில் போன வருஷம் விழுந்த செம்பு மேலே வரும்.

அந்தக் கருவி ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: விழுந்த பொருளுக்குப் பிடி இருக்க வேண்டும். வாளிக்குக் கைப்பிடி உண்டு, செம்புக்குக் கழுத்து உண்டு. என் பிட்டுக்கு இரண்டும் இல்லை. 25 மி.மீ. நீளம், 6.35 மி.மீ. பருமன், வழவழப்பான ஆறு பக்கங்கள். அதோடு இது கிணறும் இல்லை. கிணற்றின் அடித்தளம் மேலே எழும்பி வராது. இங்கே வரும்.

முப்பத்து மூன்று மில்லி

இந்தியச் சாலைகளில் பரவலாக ஓடும் 1,197 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் உள்விட்டமும் 73 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 71.5 மி.மீ. ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் இடம் சுமார் 299 மில்லி. அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேலே எஞ்சியிருக்கும் இடம் ஏறக்குறைய 33 மில்லி. டீக்கடைக் கிளாஸில் கால்வாசி.

அந்த 33 மில்லியும் ஒரே சீராகப் பரவியிருக்காது. நடுவில், பிளக்குக்கும் வால்வுகளுக்கும் கீழே கொஞ்சம் குடைவாக இருக்கும். ஓரங்களில் பிஸ்டனுக்கும் மேல் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவே இடைவெளி விட்டிருப்பார்கள். வாயுக் கலவையை நடுவுக்குப் பிதுக்கித் தள்ளிச் சுழல வைப்பதற்காக வேண்டுமென்றே செய்த நெருக்கம் அது. அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் 6.35 மி.மீ. பருமனுள்ள எஃகு எப்படி நுழையும்?

சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுழற்றும். நொடிக்கு மூன்று சுற்றுக்கு மேல். பிட்டை ஹெட்டோடு மோதவைக்க அரைச் சுற்று போதும். பிஸ்டன் அலுமினியக் கலவை. பிட், கடினப்படுத்திய கருவி எஃகு. இரண்டும் மோதினால் பிட்டுக்குக் கீறல்கூட விழாமல் போகலாம். பிஸ்டனின் தலையில் பள்ளம் விழும், ஹெட்டின் அடிப்பகுதி சிதையும், வால்வு வளைந்தால் அது தன் இருக்கையில் சரியாக உட்காராது, அந்த சிலிண்டரில் அமுக்கம் நிற்காது. ஆறு கிராம் எடையுள்ள பொருளுக்காக ஹெட்டை இறக்க வேண்டி வரும்.

எஞ்சினைச் சுழற்ற சாவி மட்டும்தான் வழி என்றும் இல்லை. கியரில் நிற்கும் காரைத் தள்ளினாலும் சக்கரம் வழியாக பிஸ்டன் நகரும். எதிர்வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு, “கொஞ்சம் முன்னால தள்ளி நிழல்ல விட்டுக்கலாமே” என்றார். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையும் கழற்றி ஓரமாக வைத்தபிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. இனி எஞ்சின் என்பது அசையாத ஒரு கிணறு. அசையாத கிணற்றில் அவசரம் இல்லை.

கண்ணை உள்ளே அனுப்புதல்

துழாவுவதற்கு முன் ஒரு கேள்வி: விழுந்தது உண்மையில் எங்கே?

கார் வேலையில் கைநழுவும் பொருள்களில் பெரும்பாலானவை எஞ்சினுக்குள் போவதே இல்லை. எஞ்சினைச் சுற்றியுள்ள ஹோஸ்களின் இடுக்கில் நிற்கும், கீழே பிளாஸ்டிக் தட்டு இருந்தால் அதன்மேல் கிடக்கும், இல்லாவிட்டால் தரைக்கு வந்துவிடும். பத்து நம்பர் சாக்கெட் தொலையாத கருவிப் பெட்டியே கிடையாது. அதற்குக் காரணம் மாந்திரீகம் அல்ல. கார்களில் எங்கு பார்த்தாலும் இருப்பது 6 மி.மீ. போல்ட், அதன் தலைக்குப் பத்து நம்பர்தான் பொருந்தும். அதிகம் கையில் இருப்பது அதிகம் தொலைகிறது. ஆனால் அந்த சாக்கெட் பிளக் குழிக்குள் விழுந்தாலும் சிலிண்டருக்குள் போகாது. அதன் வெளிவிட்டம் பொதுவாக 14 மி.மீ.க்கு மேல், பிளக் உட்காரும் துளையின் மரையே 14 அல்லது 12 மி.மீ.தான். துளையின் வாயில் தங்கிவிடும். நட்டு, வாஷர், பிட் போன்ற பொடிப்பொருள்களுக்குத்தான் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

வால்வு மூடியைத் திறந்து வேலை செய்யும்போது விழுவது வேறு கதை. அங்கிருந்து டைமிங் செயின் ஓடும் பாதைக்கோ, எண்ணெய் வடியும் துளைகள் வழியாக அடியில் உள்ள ஆயில் சம்ப்புக்கோ போகலாம். சம்ப்பில் விழுந்தால், ஆயில் பம்ப்பின் வாயில் உள்ள வலை தடுக்கும், சம்ப்பைக் கழற்றி எடுக்கலாம். செயினில் சிக்கினால், சிலிண்டருக்குள் விழுந்ததற்குச் சமமான ஆபத்து. ஆகவே பாதையை ஊகிப்பதுதான் பாதி வேலை.

என் விஷயத்தில் ‘டொக்’ என்ற சத்தமே சாட்சி. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. டார்ச் அடித்தேன். குழியின் ஆழத்தில் காசளவு கருமை மட்டும் தெரிந்தது. பிஸ்டன் தலையில் படிந்திருக்கும் கரி, விழும் வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. மேலும், வெளிச்சமும் பார்வையும் ஒரே குறுகிய துளை வழியாகப் போய் வர வேண்டும். ஓரத்தில் கிடப்பதை நேர்க்கோட்டில் செல்லும் ஒளி எட்டாது.

ஒளியை வளைக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1954-ல் அவரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹெரால்ட் ஹாப்கின்ஸும், மெல்லிய கண்ணாடி இழைக் கட்டு ஒன்றின் வழியாக ஒரு பிம்பத்தையே கொண்டுசெல்லலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஒளி ஒவ்வோர் இழையின் உட்சுவரிலும் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து, துள்ளித் துள்ளி மறுமுனைக்குப் போகிறது. இழை வளைந்தால் ஒளியும் கூடவே வளைந்த பாதையில் போகிறது. சில ஆண்டுகளில் இந்த யோசனை மருத்துவரின் கைக்கு வந்து, இரைப்பைக்குள் எட்டிப் பார்க்கும் எண்டோஸ்கோப் ஆனது.

என்னிடம் இருந்தது அதன் பேரப்பிள்ளை. போனில் செருகும் 5.5 மி.மீ. கேமரா, முனையைச் சுற்றிப் பொடி எல்.இ.டி. விளக்குகள். இதில் பிம்பம் கடத்தும் இழை இல்லை. அன்று உள்ளிருக்கும் பிம்பத்தை வெளியே கொண்டுவந்தார்கள். இன்று கண்ணையே உள்ளே அனுப்பிவிட்டு, அது பார்த்ததைக் கம்பி வழியாக வாங்கிக்கொள்கிறோம்.

போன் திரையில் அமாவாசை இரவின் மொட்டை மாடி போல ஒரு கருந்தளம் தெரிந்தது. அதன் ஓரத்தில், சிலிண்டர் சுவரை ஒட்டி, வெள்ளிக் கீற்றாகப் படுத்திருந்தது பிட்.

ஏழு அடுக்கு

இனி பிடி. பிடியே இல்லாத பொருளுக்குப் பிடி கொடுப்பது காந்தம். கருவி எஃகு, இரும்பு. அதனுள் கோடிக்கணக்கான நுண்காந்தப் பகுதிகள் ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கின்றன. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் அவை ஒரே பக்கம் திரும்புகின்றன. இரும்புத் துண்டே தற்காலிகமாக ஒரு காந்தம் ஆகிறது, பிறகு காந்தமும் காந்தமும் இழுத்துக்கொள்கின்றன. முதலில் அழைப்பு, பிறகு கைகுலுக்கல்.

இந்த இரண்டு படிகளில்தான் ஒரு கொடுமையான கணக்கு ஒளிந்திருக்கிறது. காந்தத்தின் அளவோடு ஒப்பிட்டால் தூரம் அதிகமாக இருக்கும்போது, காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. அந்தப் புலம் இரும்பில் உண்டாக்கும் தற்காலிகக் காந்தமும் அதே மூன்றாம் அடுக்கில் குறைகிறது. இழுவிசையோ புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த மாற்றம் நான்காம் அடுக்கில் குறைகிறது. மூன்றும் நான்கும் ஏழு. தூரம் இரண்டு மடங்கானால் விசை 128-ல் ஒரு பங்கு. வேறுவிதமாகச் சொன்னால், பாதித் தூரம் நெருங்கினால் 128 மடங்கு.

காந்தத்தால் துழாவும் எல்லோரும் விரலால் அறிந்த உண்மை இது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, திடீரென்று ‘டிக்’. நடுவில் ‘கொஞ்சம் இழுக்கிறது’ என்ற கட்டமே கிட்டத்தட்ட இருக்காது.

என்னிடம் இருந்தது வளையும் கழுத்துள்ள காந்தக் குச்சி. முனையில் நியோடிமியம் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கிய இந்தக் கலவைக் காந்தம் இல்லையென்றால், பேனா பருமனுள்ள குச்சியில் இவ்வளவு பலம் வந்திருக்காது. அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலமிழக்கத் தொடங்கும். ஓடி நின்ற எஞ்சினின் குளிர்விப்பு நீரே 90 டிகிரி அளவில் இருக்கும். எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பது விரலுக்கு மட்டுமல்ல, காந்தத்துக்கும் நல்லது.

கேமராவும் காந்தமும் சேர்ந்து நுழைய துளையில் இடம் போதவில்லை. பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, கேமராவை எடுத்துவிட்டு, குச்சியைக் குருட்டாம்போக்கில் இறக்கினேன். பாதாளக் கரண்டிதான், கயிற்றுக்குப் பதில் கம்பி. ‘டிக்’ என்றது. சந்தோஷமாக இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்தேன், வெறும் முனை மேலே வந்தது.

பிஸ்டனும் ஹெட்டும் அலுமினியம், காந்தம் அவற்றைக் கண்டுகொள்ளாது. ஆனால் பிஸ்டன் உரசும் சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு லைனர். ஓரத்தில் கிடக்கும் பிட்டை நோக்கிப் போன காந்தம், அதைவிடப் பெரிய இரும்பைக் கண்டு அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. காந்தத்துக்கு என் பிட்டின்மேல் தனிப் பாசம் எதுவும் இல்லை.

தீர்வு சமையலறையில் கிடைத்தது: இளநீர்க் கடையில் கொடுத்த ஸ்ட்ரா. காந்தத்தின் பக்கவாட்டை அது மூடும்படி நுழைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டேன். லைனருக்கும் காந்தத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் சுவர். ஸ்ட்ரா காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை, எந்தப் பிளாஸ்டிக்கும் தடுக்காது. அது செய்வது இடைவெளி தருவது மட்டும்தான். ஆனால் நெருக்கத்தில்தானே காந்தத்தின் வீரம் எல்லாம்? சிறு இடைவெளியே அந்த முரட்டுப் பிடியைத் தளர்த்திவிட்டது.

அடுத்த ‘டிக்’ வேறு மாதிரி இருந்தது, லேசாக, துள்ளலாக. மெல்லத் தூக்கினேன். துளையின் வாயில் தட்டி மறுபடி விழுந்தது. பிட் நடுவில் ஒட்டிக்கொண்டு குறுக்காக வந்திருக்கிறது. 25 மி.மீ. நீளம் 12 மி.மீ. துளையில் எப்படி வரும்? நீளமான இரும்பு, புலக் கோடுகளின் திசையில் நீண்டு நிற்கவே விரும்பும். அதற்கு அசைய இடம் மட்டும் கொடுக்க வேண்டும். மூன்றாம் முறை பிட்டின் ஒரு முனையைத் தேடித் தொட்டு, அவசரப்படாமல் தூக்கினேன். சங்கிலியில் தொங்கும் பதக்கம்போல் நேராக ஆடிக்கொண்டு மேலே வந்தது.

காந்தம் கைவிட்டால்

விழுந்தது அலுமினிய வாஷராகவோ, பித்தளையாகவோ, உடைந்த பிளக்கின் பீங்கான் சில்லாகவோ இருந்தால்? எவர்சில்வர் பாத்திரங்களில் பல காந்தத்தில் ஒட்டாது. அதே குடும்பத்து எஃகில் செய்த ஸ்க்ரூவும் ஒட்டாது. அப்போது வேறு விசைகளிடம் போக வேண்டும்.

ஒன்று, ஒட்டும் தன்மை. குச்சியின் நுனியில் கெட்டியான கிரீஸ் கொஞ்சம் தடவித் தொட்டால் சிறு வாஷர் ஒட்டிக்கொண்டு வரும். கிரீஸ் கொஞ்சம் உள்ளே தங்கினாலும் எரிந்துவிடும். பசை நாடா நுனியில் சுற்றினால், நாடாவே உள்ளே கழன்றுவிடும் அபாயம் உண்டு. எண்ணெய்ப் படலத்தின்மேல் அது ஒட்டவும் செய்யாது.

இன்னொன்று, காற்று. வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய டியூபைப் பொருத்தி உள்ளே விடலாம். வெற்றிடம் இழுக்கிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்று தள்ளுகிறது. வீட்டுக் கிளீனர் சுமார் 20 கிலோபாஸ்கல் அழுத்த வித்தியாசம் தரும் என்று வைத்துக்கொண்டால், 8 மி.மீ. டியூபின் வாயை முழுக்க அடைக்கும் ஒரு பொருளின்மேல் ஏறக்குறைய 100 கிராம் எடைக்குச் சமமான விசை விழும். ஆறு கிராம் பொருளுக்கு அது தாராளம். ஆனால் ஓர் எச்சரிக்கை: கிளீனரின் மோட்டாருக்குள் தீப்பொறி எழலாம். குழியில் பெட்ரோல் வாடை துளி இருந்தாலும் இந்த வழி வேண்டாம்.

எந்த வழியும் பலிக்காவிட்டால் ஹெட்டை இறக்குவதுதான் மிச்சம். செலவுதான். ஆனால் செல்ஃப் அடித்துவிட்டு இறக்குவதைவிட மலிவு.

அடகு வைத்த செம்பு

விழுந்ததை எடுப்பதைவிட, விழுந்தது தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. எனக்கு இரண்டு சத்தம் கேட்டது. கேட்காமல் இருந்திருந்தால்?

விழுந்தது தெரிந்திருந்தும் தப்ப முடியாத கதை ஒன்று முதலில். 1980 செப்டம்பர் 18. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் டமாஸ்கஸ் என்ற ஊருக்கு அருகே, பூமிக்கடியில் நின்ற டைட்டன்-2 ஏவுகணையில் பராமரிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு வீரரின் கையிலிருந்த கருவியிலிருந்து சாக்கெட் கழன்றது. சுமார் மூன்றரை கிலோ. ஏறத்தாழ 24 மீட்டர் கீழே விழுந்து, எகிறி, ஏவுகணையின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. எட்டு மணி நேரத்துக்கும் மேல் கசிந்து, மறுநாள் அதிகாலையில் ஏவுகணை வெடித்தது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். வெளியே தூக்கி எறியப்பட்ட அணுகுண்டு வெடிக்கவில்லை. 24 மீட்டர் விழுந்த பொருளின் வேகம் மணிக்கு 78 கி.மீ. அளவுக்கு வரும். என் பிட் 20 செ.மீ.யில் அடைந்ததோ மணிக்கு ஏழு கி.மீ.

மறந்துபோன கருவிக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2023 டிசம்பரில் ஓர் ஏ380 விமானத்தின் எஞ்சினைச் சோதித்தவர்கள், அதைக் கையால் சுழற்றப் பயன்படும் 1.25 மீட்டர் நைலான் கருவியை உள்ளேயே விட்டுவிட்டார்கள். 34 பயணங்கள், 294 மணி நேரம் பறந்தபின்தான் அது கண்டெடுக்கப்பட்டது. கருவி காணவில்லை என்று தெரிந்தும், தேடும் நடைமுறையைத் தொடங்காமல் விமானத்தை விடுவித்திருந்தார்கள் என்றது ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணை.

இதனால்தான் விமானப் பராமரிப்புக் கூடங்களில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழல் வடிவில் ஓர் இடம் வெட்டி வைத்திருப்பார்கள். கருவி வெளியே போனால் அந்த நிழல் காலியாகக் கண்ணை உறுத்தும். அறுவை அரங்கில் வயிற்றைத் தைத்து மூடுமுன் கத்தரியையும் பஞ்சுத் துணியையும் எண்ணுவதும் இதே கணக்குத்தான்.

எங்கள் தெருவில் பாதாளக் கரண்டி ஒரு வீட்டில்தான் இருந்தது. கேட்டால் கொடுப்பார்கள்; ஆனால் ஒரு செம்பையோ குடத்தையோ வைத்துவிட்டுப் போக வேண்டும். கரண்டி திரும்பி வந்தால் செம்பு திரும்பும். சின்ன வயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. இப்போது புரிகிறது. எடுக்கப் போன கருவியே கிணற்றில் தங்கிவிடக் கூடாது அல்லவா? திண்ணையில் இருக்கும் அந்நியச் செம்பு, ‘இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது’ என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

புதுப் பிளக்குகளை முறுக்கி, பேட்டரி கேபிளை மாட்டுமுன் பிட் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பத்துக் குழி, பத்து பிட். காந்தக் குச்சி கையில் இருந்தது. ஸ்ட்ரா?

அது இன்னும் காந்தத்தின் நுனியில்தான் மாட்டியிருந்தது. அதையும் எண்ணிக்கொண்டு, பிறகுதான் செல்ஃப் அடித்தேன்.